கூப்பிட்டால் திரும்பக் கூடாது

தஞ்சாவூர் கீழவாசலில் காதர் மைதீனின் நாட்டு மருந்துக் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் சுக்கும் திப்பிலியும் அதிமதுரமும் கேட்பவர்கள். மீதிப் பேர் வாயைத் திறக்க மாட்டார்கள். மடித்த சீட்டை நீட்டிவிட்டுத் தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பார்கள். காதர் மைதீனும் நிமிர்ந்து பார்க்க மாட்டார். சீட்டைப் படிப்பார், டப்பாவைத் திறப்பார், நிறுப்பார், பொட்டலம் கட்டுவார். எதுக்கு என்று கேட்கிற பழக்கம் அந்தக் கடையில் கிடையாது. மூலக்காரனிடமும் பிள்ளையில்லாதவளிடமும் எதுக்கு என்று கேட்டால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். அது ஒரு காரணம். கேட்டால் சொல்லிவிடுவார்கள், சொன்னதைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்பது இன்னொரு காரணம். இந்த இரண்டாவது காரணத்தை அவர் பெண்டாட்டி பாத்திமாவிடம்கூடச் சொன்னதில்லை.

அவருக்கு ஐம்பத்தேழு வயது. அண்ணன்மார் இரண்டு பேரும் சபுராளிகள், அதாவது வெளிநாட்டுச் சம்பாத்தியக்காரர்கள். இவரும் எண்பத்தொன்பதில் பாஸ்போர்ட் எடுத்து, புதுச் சட்டை தைத்து, பெட்டி கட்டி வைத்திருந்தவர்தான். மெடிக்கலில் மார்பு எக்ஸ்ரேயில் ஒரு புள்ளி தெரிந்தது. ஏஜெண்டு பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். அந்தப் புள்ளி பிறகு எந்த எக்ஸ்ரேயிலும் தெரியவில்லை, ஆனால் அதற்குள் இவர் மருந்துக் கடையில் பொட்டலம் மடிக்க உட்கார்ந்துவிட்டார். இன்றுவரை விமானத்தில் ஏறியது கிடையாது. யாரையும் வழியனுப்ப விமான நிலையத்துக்குப் போனதும் கிடையாது. கேட்டால் கடையை யார் பார்ப்பது என்பார்.

முப்பத்துச் சொச்சம் வருஷத்தில் அவர் கைக்கு வந்த சீட்டுகளில் விசித்திரமானவை மை செய்வதற்கான சீட்டுகள். புதையலைக் காட்டும் மை, ஆளை மயக்கும் மை என்று அதில் பல தினுசு உண்டு. எல்லாவற்றிலும் பெரிய ஆசைக்காரன் மறைப்பு மை கேட்பவன்தான். நெற்றியில் இட்டுக்கொண்டால் ஆள் கண்ணுக்குத் தெரிய மாட்டானாம். இந்த ஆசை நேற்று முளைத்ததில்லை. சித்தர்கள் பாதரசத்தைக் கட்டி உருட்டிய குளிகையை வாயில் அடக்கிக்கொண்டு மறைந்து திரிந்தார்கள் என்று பாட்டே இருக்கிறதாகச் சொல்லுவார்கள். ஏறழிஞ்சில் மரத்தின் விதை கீழே விழுந்தாலும் அமாவாசையில் திரும்ப மரத்திலேயே ஏறி ஒட்டிக்கொள்ளுமாம். அந்த விதையில் குழித்தைலம் இறக்கி மை கூட்டினால் பகலிலேயே மறையலாமாம். செம்போத்துக் குஞ்சை இரும்புச் சங்கிலியால் கட்டிவிட்டால் தாய்ப் பறவை ஒரு வேரைக் கொண்டுவந்து சங்கிலியை அறுக்குமாம். கூட்டைப் பிரித்து ஆற்றில் விட்டால் எந்தக் குச்சி தண்ணீரை எதிர்த்துப் போகிறதோ அதுதான் அந்த வேராம். செம்போத்துக் கூட்டைத் தூக்கிக்கொண்டு வெண்ணாற்றில் இறங்கி, வேட்டி போய், கூடும் போய் வந்த ஒருவரை காதர் மைதீனுக்கு நேரிலேயே தெரியும்.

இத்தனை வருஷம் பார்த்ததில் அவருக்கு ஒன்று விளங்கியிருந்தது. இந்த வித்தைகள் எல்லாவற்றிலும் ஒரு நிபந்தனை ஒட்டிக்கொண்டிருக்கும். மூலிகையைப் பறிக்கும்போது சொந்த நிழல் அதன்மேல் விழக் கூடாது. அரைத்து முடிகிறவரை பேசக் கூடாது. இடையில் தும்மினால் போச்சு. பலிக்கவில்லை என்று எவனும் சண்டைக்கு வர முடியாது, வந்தால் நீ எங்கேயோ தும்மியிருப்பாய் என்று அனுப்பிவிடலாம். மை பொய்யாகாமல் ஆயிரம் வருஷம் தாக்குப்பிடித்த சூட்சுமம் அதுதான்.

இவ்வளவு தெரிந்த மனுஷர் அந்த வியாபாரத்தை விட்டுத் தொலைத்திருக்கலாம். விடவில்லை. மறைப்பு மைக்குச் சீட்டுக் கொண்டுவருகிறவர்கள் தாளகம், வீரம் என்று விஷச் சரக்கெல்லாம் எழுதிக்கொண்டு வந்ததைப் பார்த்துப் பயந்து, அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். விளக்குக் கரியைச் சுரண்டி, பசு நெய் விட்டுக் குழைத்து, துளி பச்சைக் கற்பூரம் சேர்த்து, சின்னத் தைல டப்பாக்களில் அடைத்து மேல் தட்டில் வைத்துக்கொண்டார். அதெல்லாம் வேண்டாம், செய்தே வைத்திருக்கிறேன் என்று எடுத்துக் கொடுப்பார். யாருக்கும் கெடுதல் இல்லை, கண்ணில் பட்டாலும் எரியாது என்று அவருக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது.

ஆவணி கடைசியில் ஒரு புதன்கிழமை சாவித்திரி வந்தாள். வெண்ணாற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர். ஒரு ஏக்கர் குத்தகை நிலம், சம்பா நடவு முடிந்த கை, நகக்கண்ணில் இன்னும் சேறு இருந்தது. அவள் நீட்டிய சீட்டில் ஏறழிஞ்சில் விதையைப் பார்த்ததுமே காதர் மைதீன் மேல் தட்டுக்குக் கையை நீட்டிவிட்டார்.

"இத வச்சுக்கிட்டா நெசமாவே தெரியாதா பாய்?"

"வச்சுக்கிட்டவங்க யாரும் வந்து கொற சொன்னதில்லம்மா."

"யாருக்காவ வாங்குறமோ அவங்கதான் வச்சுக்கணுமா? நாம வச்சுக்கிட்டா ஆவாதா?"

கடையில் இன்னும் நாலு பேர் நின்றார்கள். ஒருத்தர் கடுக்காய்க்கு அவசரப்பட்டுக்கொண்டிருந்தார். காதர் மைதீன் யோசிக்கவே இல்லை. தாயத்துக்குச் சொல்வதையே இதற்கும் சொன்னார்.

"பெத்தவ வச்சுக்கிட்டா புள்ளைக்குப் பலிக்கும்மா. ஆனா ஒண்ணு. மை வச்சிருக்கப்ப யாரு கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது. காதுல விழாத மாதிரி போயிட்டே இருக்கணும். திரும்புனா மை கலைஞ்சிடும்."

அந்த நிபந்தனை அவர் அப்போதே, அந்த இடத்திலேயே கட்டினது. சாவித்திரி அதை உதட்டுக்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனாள். அவர் கடுக்காயை நிறுக்கத் தொடங்கினார்.

சனிக்கிழமை அவருடைய மருமகன் ஷஹ்பாஸ் லீவு முடிந்து சபுருக்குத் திரும்புகிற நாள். ஒரே மகள் ஷிஃபாவின் மாப்பிள்ளை. அரபு நாடு ஒன்றில் ஏசி மெக்கானிக். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நாற்பத்தைந்து நாள் லீவு. அவன் போகிறான் என்றால் அந்த நாட்டில் ஆள் வைத்திருக்கிற வீடெல்லாம் பார்சலோடு வந்துவிடும். ஊறுகாய், கருவாடு, பொடி, மருந்து, வேட்டி. வாங்க மாட்டேன் என்று சொல்லுகிற பழக்கம் கிடையாது. இன்றைக்கு இவன் சுமந்தால்தான் நாளைக்கு இவனுக்கு இன்னொருத்தன் சுமப்பான். இந்தத் தடவையும் பெட்டி அவன் தாய் தகப்பன் வீட்டில்தான் கட்டப்பட்டது. யார் என்ன கொடுத்தார்கள் என்று காதர் மைதீன் பார்க்கவில்லை. காலையில் பாத்திமாவும் ஷிஃபாவும் அவனோடு காரில் திருச்சிக்குக் கிளம்பினார்கள். இவர் வழக்கம்போலக் கடைக்கு வந்துவிட்டார்.

பதினொன்றரை மணிக்கு சாவித்திரி திரும்ப வந்து நின்றாள். தலை எண்ணெய் காணாமல் பறந்தது. குங்குமத்துக்குக் கீழே, புருவங்களுக்கு நடுவில், கறுப்பாக ஒரு பொட்டு.

"ஒரு சந்தேகம் பாய். தலைக்கு ஊத்திக்கலாமா? வச்சதுலேருந்து குளிக்கல. கலைஞ்சிடுமோன்னு பயமா இருக்கு."

காதர் மைதீனுக்குச் சிரிப்பு வந்தது. "குளிங்கம்மா. தொடச்சுட்டுத் திரும்ப ஒரு பொட்டு வச்சுக்கங்க."

"திரும்ப வைக்க எங்க இருக்கு? டப்பாவத்தான் அனுப்பிட்டேனே."

"எங்க அனுப்புனீங்க?"

வாய் தவறி வந்த கேள்வி. முப்பது வருஷத்தில் கடையில் அவர் கேட்ட முதல் கேள்வி என்றே சொல்லலாம்.

"ஃபாரினுக்குத்தான். என் மவன் தமிழரசன் அங்கதான் இருக்கான். அவன்கூட ஐடிஐ படிச்ச பாய் வீட்டுப் புள்ள ஒண்ணு இன்னிக்கி ப்ளேன் ஏறுது. ஷஹ்பாஸுன்னு பேரு, தங்கமான புள்ள. மைன்னு தெரிஞ்சா வாங்கிக்குமோ என்னமோன்னு இட்லிப் பொடிக்குள்ள பொதச்சுக் குடுத்துட்டேன். தகடும் ஒண்ணு வச்சிருக்கேன், வேற எடத்துல எழுதி வாங்குனது."

அந்த நாட்டில் மை, தாயத்து, எழுதின தகடு எல்லாம் சூனியச் சாமான். விமான நிலையத்தில் பெட்டியில் அகப்பட்டால் நேரே ஜெயில். தெரியாது, யாரோ கொடுத்தது என்று அழுதாலும் கேட்க ஆள் கிடையாது. அண்ணன்மார் இதைச் சொல்லிச் சொல்லி அவர் காதே புளித்திருக்கிறது. தன் கையால் அடைத்த டப்பா, தன் மகளின் புருஷன் பெட்டியில் போய்க்கொண்டிருந்தது.

போனை எடுத்தார். அவசரத்தில் முதலில் யாருக்கோ போனது. ஷஹ்பாஸ் எடுக்கவில்லை. ஷிஃபாவைக் கூப்பிட்டார். "அவங்க உள்ள போயாச்சு அத்தா. நாங்க வெளியதான் நிக்கிறோம். ஏன் இப்படிப் பேசுறீங்க?" வைத்துவிட்டுத் திரும்ப ஷஹ்பாஸை அழைத்தார். நாலாவது தடவை எடுத்தான்.

"மாமா, லைன்ல நிக்கிறேன். அஞ்சாவது ஆளு."

"பெட்டி கையிலதான இருக்கு? லைன விட்டு வெளிய வாங்க மாப்ள. அந்தத் தமிழரசன் வீட்டுப் பார்சல எடுங்க. இட்லிப் பொடிப் பையைப் பிரிக்காம அப்படியே குப்பையில போடுங்க."

"ஏன் மாமா? என்ன இருக்கு அதுல?"

"மை இருக்கு. தகடு இருக்கு."

"சூனியமா மாமா? உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் வித்தேன். சூனியமில்ல மாப்ள, ஒரு மண்ணுமில்ல. வெளக்குக் கரி. கரியும் நெய்யும். நானே செஞ்ச பொய்யி. ஆனா அங்க உள்ளவனுக்கு அது தெரியுமா? எடுங்க, வெரசா எடுங்க."

போனைக் காதிலேயே வைத்திருந்தார். பெட்டி ஜிப் இழுக்கிற சத்தம், யாரோ இந்தியில் அதட்டுவது, சாமான் தரையில் விழுவது எல்லாம் கேட்டது. "போட்டுட்டேன் மாமா" என்றான் ஷஹ்பாஸ். மூச்சு வாங்கியது அவனுக்கு. உடனே வைத்துவிட்டான்.

அல்ஹம்துலில்லாஹ் என்று கல்லாவில் கையூன்றி நிமிர்ந்தபோதுதான் சாவித்திரி அங்கேயே நிற்பது தெரிந்தது. எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"கரியா பாய்?"

"ஆமாம்மா."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அப்ப என் மவன் தமிழு?" என்றாள்.

பிறகு அவள் சொன்னதை எல்லாம் அவர் கேட்டார். தமிழரசன் போன இடத்தில் அவனுடைய கபில், அதாவது விசா கொடுத்த முதலாளி, பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டு ஆட்டுப் பண்ணையில் விட்டுவிட்டான். சம்பளமும் இல்லை. தமிழரசன் பண்ணையிலிருந்து தப்பியதும், ஓடிப்போனவன் என்று போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டான். மூன்று வருஷமாகக் கார் கழுவுகிற ஒரு கொட்டகையில் ஒளிந்து பிழைப்பு. இந்தியத் தூதரகத்துக்குப் போய்ச் சேர்ந்தால் ஊருக்கு அனுப்ப வழி இருக்கிறது. தூதரகமோ அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால், வழியில் துப்பாக்கியோடு போலீஸ் சாவடிகள். இங்கே அவன் அப்பா வைரக்கண்ணுவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்துக்கு இரண்டு தரம் ரத்தம் சுத்தம் செய்கிறார்கள். அந்த மனுஷன் கேட்பது ஒன்றே ஒன்று, மவன் மூஞ்சியைப் பார்க்க வேண்டும்.

"டப்பா போய்ச் சேரட்டும், அப்புறம் கெளம்பலாம்னுதான் இருந்தான். நேத்து ஒரு லாரி கெடச்சிருச்சு, இத வுட்டா ஒரு மாசமாவும்னான். நான்தான், போப்பா, நான் வச்சிருக்கேன், பெத்தவ வச்சா புள்ளைக்குப் பலிக்கும்னு பாய் சொன்னாருன்னு அனுப்பிவச்சேன். யாரு கூப்பிட்டாலும் திரும்பாத, காதுல விழாத மாதிரி போயிட்டே இருன்னு நூறு தடவ சொல்லியிருக்கேன் பாய்."

காதர் மைதீன் நினைத்துப் பார்த்தார். துப்பாக்கி வைத்திருப்பவன் நில் என்று கத்துவான். இந்தப் பையன் தான் தெரியவில்லை என்று நம்பிக்கொண்டு நிற்காமல் நடப்பான். கடையில் கூட்டம் அதிகம் என்பதற்காக ஒரு புதன்கிழமை வாயில் வந்ததைச் சொன்னதற்கு, ஒரு தாய் பெற்ற பிள்ளை முதுகில் குண்டு வாங்கப்போகிறான்.

"போனப் போடும்மா அவனுக்கு."

முதல் தடவை மணி அடித்து ஓய்ந்தது. இரண்டாம் தடவை இணைப்பே கிடைக்கவில்லை. மூன்றாம் தடவை எடுத்தான். சாவித்திரி போனை அவர் கையில் திணித்தாள். "நான் சொன்னா, அம்மா பயந்துக்கிட்டுப் பேசுதுன்னு நெனைப்பான். நீங்க சொல்லுங்க."

"தம்பி, தஞ்சாவூர்லேருந்து காதர் மைதீன் பேசுறேன். உங்கம்மாவுக்கு மை குடுத்த கடைக்காரன்."

"சொல்லுங்க பாய்." காற்றின் இரைச்சலுக்கு நடுவே மெல்லிய குரல். "இப்பத்தான் லாரியிலேருந்து எறக்கிவிட்டான். ஒரு கிலோமீட்டர் நடந்து சாவடியத் தாண்டிட்டா திரும்ப ஏத்திக்குவான். நானும் ஆந்திராக்காரர் ஒருத்தரும். சாவடி தெரியுது பாய். அம்மா வச்சிருக்குல்ல?"

"அது மை இல்லப்பா. வெளக்குக் கரி. நான் சொன்னது பூராம் பொய்யி."

"வெளையாடாதீங்க பாய்."

"வெளையாடலப்பா. நீ தெரியுற. எல்லாரு கண்ணுக்கும் தெரியுற. நில்லுன்னு சொன்னா நின்னுடு. ரெண்டு கையையும் மேல தூக்கிட்டு நின்னுடு. ஓடாத."

"நின்னா புடிச்சுருவாங்க. புடிச்சா எத்தன மாசம்னு யாருக்கும் தெரியாது. அப்பாவுக்கு அத்தன நாளு இல்ல பாய்."

"தெரியும்ப்பா. இருந்தாலும் நின்னுடு. நீ உசுரோட வரணும்."

போன் நின்றுபோனது. இணைப்பு அறுந்ததா, அவனே அறுத்தானா என்று இன்றுவரை காதர் மைதீனுக்குத் தெரியாது. சாவித்திரி முந்தானையால் நெற்றியைத் துடைக்கப் போனாள். கை பாதியில் நின்றது. துடைக்காமல் அப்படியே கீழே இறக்கி, போனை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் பாத்திமா அவரை நிற்கவைத்துக் கேட்டாள். வெளியூர் கிளம்புகிறவர்களுக்காக குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தில் வருகிற ஒரு ஆயத்தை, ஒரு வசனத்தை, ஓதி அனுப்புவது அவள் வழக்கம். நபியவர்கள் மக்காவை விட்டுக் கிளம்பியபோது வீட்டைச் சுற்றி நின்ற பகைவர் கண்ணுக்கு அவர்கள் தெரியாமல் போனது அந்த ஆயத்தின் பரக்கத், அதன் அருள் என்று அவளுக்கு நம்பிக்கை. "இன்னிக்கும் ஓதித்தான் மாப்பிள்ளைய அனுப்புனேன். நான் ஓதி அனுப்புன பெட்டியில நீங்க பொய்ய வச்சு அனுப்பியிருக்கீங்க" என்றாள். அதற்குப் பிறகு ஒரு வாரம் பேசவில்லை. காதர் மைதீன் மறுநாளே மேல் தட்டில் இருந்த டப்பாக்களை எல்லாம் சாக்கில் கட்டி எறிந்தார். எறிந்து என்ன, போன வார்த்தை போனதுதான்.

மூன்றாம் நாள் ஷஹ்பாஸ் அங்கிருந்து பேசினான். குரலில் பழைய ஒட்டுதல் இல்லை. தமிழரசன் பிடிபட்டுவிட்டான், நாடு கடத்துகிறவர்களை வைத்திருக்கிற முகாமில் இருக்கிறான், அடி உதை இல்லை, எப்போது அனுப்புவார்கள் என்று தெரியாது என்றான். காதர் மைதீன் கடையிலேயே உட்கார்ந்து அழுதார். உயிர் இருக்கிறது என்ற அழுகை அது.

வைரக்கண்ணு நாற்பது நாள்தான் இருந்தார். தகவல் கடைக்கு வந்தது. காதர் மைதீன் சட்டையைப் போட்டுக்கொண்டு, வண்டிச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, பத்து நிமிஷம் நின்றுவிட்டுச் சாவியைத் திரும்ப ஆணியில் மாட்டினார். போயிருக்க வேண்டும். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் போகவில்லை, அதற்கு வேறு நியாயம் எதுவும் கிடையாது. கொள்ளி வைத்தது சாவித்திரியின் தம்பி வீரையன் என்று பிறகு கேள்விப்பட்டார்.

தை பிறந்து, சம்பா அறுப்பு நடந்துகொண்டிருந்தபோது ஒரு நாள் மத்தியானம் கடைக்கு ஒரு பையன் வந்தான். முப்பது வயதுக்குள் இருக்கும். மழித்த தலையில் முடி குத்திட்டு நின்றது. கன்னம் ஒட்டியிருந்தது. சீட்டு எதுவும் நீட்டவில்லை.

"என்ன தம்பி வேணும்?"

"நான் தமிழரசன்."

காதர் மைதீன் எழுந்து நின்றுவிட்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டார். அவன் உட்காரவில்லை. எப்ப வந்தே என்று கேட்டார். ஒரு மாசமாவுது என்றான். அம்மா எப்படி இருக்கு என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டார்.

"நீங்க சொன்னது மாதிரிதான் செஞ்சேன் பாய்" என்றான் தமிழரசன். "கூப்பிட்டாங்க. நின்னேன். ரெண்டு கையையும் தூக்குனேன். ஒருத்தன் பாக்கியில்லாம எல்லாரும் எங்கிட்ட ஓடியாந்தாங்க. எங்கூட வந்த ஆந்திராக்காரர் நிக்கல. அவரு பாட்டுக்கு நடந்துக்கிட்டே இருந்தாரு, ஓடக்கூட இல்ல. அவர யாரும் திரும்பிப் பாக்கல பாய். எட்டாம் நாளு அவரு வீட்டுக்குப் போயிட்டாரு. அவங்க அம்மா கையால சாப்புடுறத, நான் ஊருக்கு வந்தப்புறம், வீடியோவுல காட்டுனாரு."

எல்லோரும் உன்னைப் பிடிக்க வந்ததால்தான் அவனை விட்டார்கள் என்று காதர் மைதீனுக்குத் தோன்றியது. அப்படியிருந்தால், இவன் நின்றது அந்த ஆந்திராக்காரன் வீட்டுக்குச் செய்த உபகாரம். தகப்பனை இழந்து நிற்கிறவனிடம் போய் அதை எப்படிச் சொல்வது?

"அது நெசமாவே கரிதானா பாய்? அம்மா நெத்தியில அன்னிக்கு இருந்துச்சே."

"கரிதாம்ப்பா."

"சத்தியமா?"

"அல்லா மேல சத்தியமா கரிதான். இந்தக் கையால சொரண்டுன கரி."

தமிழரசன் அந்தக் கையைப் பார்த்தான். அழுகையை அடக்குகிறான் என்று தெரிந்தது.

"அப்புடின்னா நான் நிக்காம நடந்திருந்தாலும் புடிச்சிருப்பாங்க. இல்ல பாய்?"

காதர் மைதீனுக்குத் தெரியாது. அந்த வெயிலில் எந்தப் போலீஸ்காரன் எந்தப் பக்கம் பார்த்திருப்பான், சுட்டிருப்பானா, சும்மா விட்டிருப்பானா என்று அவருக்கு எப்படித் தெரியும்? தெரியாததைச் சொல்லுவதில்லை என்று ஆவணியிலேயே அவர் முடிவு செய்திருந்தார். தெரியாதுப்பா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"கண்டிப்பா புடிச்சிருப்பாங்க" என்றார்.

தமிழரசன் தலையை ஆட்டினான். இரண்டு மூன்று தடவை ஆட்டினான். பிறகு சட்டைக் கையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வரேன் பாய் என்று சொல்லி இறங்கிப் போனான்.